என் முகத்தால் அடைத்த மதகு

கையில் மைக் கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவன் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது டாக்டரிடம் வியாதியைச் சொல்லும் குரலில்தான் சொல்கிறேன். பேசத் தெரியாதவன் ஒரு தப்புச் செய்தால் மாட்டிக்கொண்டு முழிப்பான். தப்பு அத்தோடு நின்றுவிடும். பேசத் தெரிந்தவன் தப்புச் செய்தால் அதற்கும் கைதட்டல் வாங்கிவிடுவான். தப்பு அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். நான் செய்த தப்பு ஒரு நாள் காலையில் முழங்காலைத் தாண்டி வளர்ந்தது. உப்பும் கரித்தது.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. (நான் நிறுத்தினேனா, அது என்னை நிறுத்தியதா என்பதில் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.) எங்கள் தீவில், ஜங்லிகாட் என்கிற பேட்டையில் ஒரு ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்தவனை, பருவநிலையையும் விவசாயத்தையும் சேர்த்து ஆராய்கிற ஒரு திட்டத்தில் கள உதவியாளனாக எடுத்துக்கொண்டார்கள். திட்டத்துக்குப் பொறுப்பு சுமதி மேடம். மண்ணைப் பற்றிப் பெரிய படிப்பு, பேசினால் சின்னக் குரல். ஆராய்ச்சியெல்லாம் விவசாயி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காகிதத்திலேயே செத்துப்போகிறது என்பது அவருடைய கவலை. அதை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

வாரத்துக்கு இரண்டு தடவை வானிலை அறிக்கை வரும். ‘மேற்பரப்புக் காற்றின் வேகம் அதிகரிக்கக்கூடும் என்பதால் தெளிப்புப் பணிகளைத் தவிர்க்கவும்’ என்று அதில் இருக்கும். நான் அதை, ‘இன்னிக்கு மருந்தடிச்சீங்கன்னா உங்க செடிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் செடி பிழைச்சுக்கும்’ என்று தமிழிலும் நம்ம தீவு ஹிந்தியிலும் பேசி வாட்ஸப்பில் அனுப்புவேன். மருந்தடிக்கிற கை நின்றுவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. டீக்கடையில் என் குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு என் தலை எந்த ஹெல்மெட்டிலும் அடங்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஜனங்கள் போகிறபோக்கில் சொல்வதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். தூறலைப் பார்த்து ஒரு பெண், “மழையா இது, வானம் கை கழுவி உதறுது” என்றார். ஹல்தார் தாதா (அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்) என்கிற வங்காளி விவசாயி, ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே தன் மாடு பாலை உள்ளே இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்த மாதிரி நோட்டு மூன்று நிறைந்தது. அடுத்தவர் சொல்வதையெல்லாம் அழகாக எழுதி வைத்தவன், எதையும் காதில் வாங்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரியை விட்டு இறங்கி ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் போனால் பாக்கியம் அக்காவின் நிலம். (ஊர்ப் பெயரை எழுதவில்லை. எனக்கு இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது.) அக்காவின் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. புருஷன் தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். நிலம் முழுக்க அக்கா கையில்.

சுனாமி வந்தபோது அந்தப் பக்கத்து நிலமெல்லாம் தாழ்ந்துபோய், கடல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பல வருடம் கோரையைத் தவிர அங்கே எதுவும் முளைக்கவில்லை. எங்கள் திட்டம் அங்கே போய்ச் சொன்ன வைத்தியம் இதுதான்: வயலில் ஆழமாக வாய்க்கால் வெட்டு. அந்த மண்ணையே பக்கத்தில் அகலமான மேடாகப் போடு. மேட்டில் காய்கறி, வாய்க்காலில் மழைத்தண்ணீர், தண்ணீரில் மீன். மழை பெய்யப் பெய்ய மேட்டு மண்ணின் உப்புக் கரைந்து வாய்க்காலுக்கு இறங்கும். வயலின் ஓரத்தில் உப்பங்கழி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மதகு. கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து உப்புத் தண்ணீரை வெளியே அனுப்பு. கடல் ஏறும் நேரம் மூடியே வை. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

சொல்வதற்கு ஒரு நிமிடம். அக்கா அதை ஐந்து மழைக்காலம் செய்தார். கொட்டும் மழையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மதகைத் தூக்குவார், இறக்குவார். அந்த மதகைப் புருஷன்கூடத் தொடக்கூடாது. ஐந்தாவது வருடம் நாலு வாய்க்காலிலும் நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் கட்லா மீன் ஓடியது. மேட்டில் வெண்டையும் காராமணியும் காய்த்தன. “இந்த மண்ண நாக்குல வச்சுப் பாரு தம்பி, இனிக்கும்” என்றார். வைத்துப் பார்த்தேன். எனக்கு இனிக்கவில்லை; ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஹல்தார் தாதாவின் நிலம், இன்னும் கோரையோடு. தானும் வெட்டலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக அக்காவின் வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வெட்டினால் அந்த வரிசை முழுக்க வெட்டும். அதனால் அக்காவின் நிலம் அக்காவுக்கு மட்டும் நிலமில்லை.

இந்த நேரத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வயலைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பக்கத்து ஊர் விவசாயிகளையும் கூட்டி ஒரு கள நாள் நடத்த ஏற்பாடு. பிப்ரவரி கடைசி. மேடை, மைக், சாப்பாடு ஏற்பாடு என் பொறுப்பு. எனக்கு மைக் மட்டும்தான் காதில் விழுந்தது.

பன்னிரண்டு அடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தேன். நவம்பர் மழையில் எடுத்த படம். வாய்க்கால்கள் ததும்ப, முன்னால் நான் சிரித்துக்கொண்டு. (படத்தில் தண்ணீரைவிட நான் அதிகம் இருந்தேன்.) கீழே ‘ஆண்டு முழுவதும் நீர்’ என்று மூன்று மொழியில். கள நாளுக்கு முந்தின நாள் பேனரைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வாய்க்காலில் தண்ணீர் கெண்டைக்கால் அளவுக்கு இருக்கிறது. மூன்று மாதமாக மழை இல்லை, வேறு எப்படி இருக்கும்? பேனர் ஒன்று சொல்கிறது, வயல் வேறொன்று சொல்கிறது. யோக்கியன் பேனரை மாற்றியிருப்பான்.

சுமதி மேடத்துக்கு ஃபோன் போட்டுத் தண்ணீர் குறைவாக இருப்பதைச் சொன்னேன். “அதை அப்படியே காட்டுங்க அந்தோணி. வறட்சியில எவ்வளவு நிக்குதுன்னு பாக்கத்தான் அவர் வர்றார்” என்றார். சரி மேடம் என்றேன். என் ‘சரி மேடம்’ அந்த நாட்களில் ‘ஃபோனை வைக்கிறேன்’ என்பதற்கு மேல் எதையும் குறிக்காது.

அன்று சாயங்காலம் ஃபெர்ரியில் திரும்பும்போது துறைமுகத்துக்கு மேலே நிலா தட்டு மாதிரி எழுந்தது. ஆளாளுக்குப் பார்த்தார்கள். நான் படம் எடுத்து, ‘என்ன ஒரு முழுமை’ என்று ஸ்டேட்டஸ் போட்டேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா, சித்தப்பா, மாமனார், மச்சினன் பெனட்டு எல்லாரும் தூத்துக்குடிக் கடலிலும் இந்தக் கடலிலும் வலை போட்டுப் பிழைத்தவர்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பௌர்ணமியையும் அமாவாசையையும் என் மனைவி ஸ்டெல்லா சிவப்பு மையில் சுற்றி வைத்திருப்பாள், பெனட்டுக்குக் கடல் ஏறும் நாள் தெரிய வேண்டும் என்று. மறுநாள் தேதியிலும் சிவப்பு வட்டம் இருந்தது. அதை நான் கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டிய நாள் என்று நினைத்தபடி டீ குடித்தேன்.

மறுநாள் முதல் ஃபெர்ரி. புது பேன்ட், புது ஷூ. ஏழு மணிக்கு வயலுக்குப் போய்விட்டேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துக்கொண்டிருந்தார். “தண்ணி கம்மியா இருக்கேன்னு பயந்துக்காத தம்பி, மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று அடுப்படியிலிருந்தே சொன்னார். நான் நேராக மதகுக்குப் போனேன்.

என் திட்டம் எளிமையானது. மதகை அரை மணி நேரம் தூக்கினால் கழியிலிருந்து தண்ணீர் வரும், வாய்க்கால் நிறையும், இறக்கிவிடலாம். (கழியில் உப்பு இருக்குமே என்று கேட்கிறீர்களா? உப்பங்கழி என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே என்று கேட்கிறீர்களா? ஸ்டெல்லாவும் இதையேதான் கேட்டாள்.) நவம்பரில் ஒரு தடவை கழித் தண்ணீரை அளந்தபோது மழைத்தண்ணீர் கலந்து நல்ல தண்ணீராகவே இருந்தது. அது மனதில் இருந்தது. சந்தேகத்துக்கு உப்பு மீட்டரும் கையில் இருந்தது. பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டால் எனக்கே நான் விஞ்ஞானி மாதிரி தெரிவேன்.

கழிப் பக்கம் இறங்கினால் சேறு. புது ஷூ. அதனால் மதகுக்கு இந்தப் பக்கம், வயலுக்குள், கல்லில் நின்றபடி எட்டி மீட்டரை முக்கினேன். நல்ல தண்ணீர் என்றது. சொல்லாதா பின்னே? அது அக்கா ஐந்து வருடம் கழுவி வைத்திருந்த தண்ணீர். உள்ளே இருப்பதை அளந்துவிட்டு வெளியே இருப்பதைத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் அழகாக நடந்தது. தண்ணீர் வெயிலில் மினுங்கியபடி உள்ளே வந்து முதல் வாய்க்காலில் பரவியது. மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். ஏழே முக்காலுக்கு, போதும் என்று மதகை இறக்கப் போனேன். இறங்கவில்லை. பலகையை வரும் தண்ணீர் தள்ளிப் பிடித்துக்கொண்டது. தொங்கிப் பார்த்தேன். ஏறி நின்று மிதித்தேன். பலகை ஒரு விரல்கூட அசையவில்லை. அப்போதுதான் கழியைப் பார்த்தேன். நான் வந்தபோது சேறாக இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. கண்டல் மரத்தின் வேரெல்லாம் மறைந்துவிட்டது.

பேனருக்குப் பின்னால் போய் நின்று பெனட்டுக்கு ஃபோன் போட்டேன்.

“மச்சான், இன்னிக்கு ஏத்தம் எத்தன மணி வரைக்கும்?”

“பௌர்ணமில்லா அத்தான். பத்து மணிக்குத்தான் முழு ஏத்தம். ஏன், வல விடப் போறீயளா?”

“சும்மாத்தான் கேட்டேன்.”

“நீங்க சும்மா கேக்குற ஆளா? சும்மா சொல்ற ஆள்லா” என்றான்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு எழுதும் கை நின்றுவிடும். நூறு அடி தூரத்தில் அக்கா இருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அக்காவும் தாதாவும் நாலு மூட்டை மண்ணைப் போட்டு எட்டு மணிக்குள் அடைத்திருப்பார்கள். ஒரு வாய்க்காலோடு போயிருக்கும். நான் குரல் கொடுக்கவில்லை. ஜங்லிகாட் முதல் மரைன் ஹில் வரை என் குரல் கேட்காத இடம் இல்லை. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய நூறு அடிக்கு அது வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? பேனரை அவிழ்த்து மதகை மறைக்கிற மாதிரி மாற்றிக் கட்டினேன். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக வைத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா, “நல்லாருக்கு தம்பி, வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கு” என்றார்.

ஒன்பதரைக்கு ஜீப்புகள் வந்தன. பெரிய அதிகாரி தன்மையான மனிதர். வரப்பில் நடக்கும்போதுகூட விவசாயிகளுக்கு வழி விட்டார். ததும்பும் வாய்க்காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிப்ரவரியிலா என்று ஹிந்தியில் கேட்டார். சுமதி மேடமும் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்ததும் பயம் போய்விட்டது. அதுதான் இந்த வியாதியின் குணம். கடலிடமிருந்து நிலத்தை எப்படி மீட்டோம் என்று நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் கடல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. முதல் வாய்க்கால் வழிந்து இரண்டாவதுக்குப் போனது. வெண்டைச் செடியின் காலைத் தண்ணீர் தொட்டது. அப்போது ஒரு மீன் பளிச்சென்று துள்ளி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. இன்னொன்று துள்ளியது. அதிகாரி ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தபடி, இது கட்லா மாதிரி இல்லையே, என்ன மீன் என்று கேட்டார்.

அது மடவை. கடல் மீன். எங்கள் வீட்டில் நடக்கத் தெரிவதற்கு முன்னால் எல்லாரும் தெரிந்துகொள்ளும் மீன். நான் மைக்கில், “புது ரகம் சார்” என்றேன்.

அதற்குள் கட்லாக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கூட்டம் அதையும் வேடிக்கை என்று நினைத்தது. எனக்குத் தெரியும், அவை மூச்சுக்குத் தவிக்கின்றன என்று. தெரிந்த பிறகும் நாலு நிமிடம் பேசினேன். வீடியோவில் இருக்கிறது, நாலு நிமிடம். அதனால் குறைத்துச் சொல்ல வழியில்லை.

சாப்பாடு தயார் என்று சொல்ல அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாய்க்காலைப் பார்த்ததும் கையைத் துடைப்பது நின்றது. கட்டியிருந்த நல்ல சேலையோடு தண்ணீரில் இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நான் உப்பு மீட்டரைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன்.

“இத யாரு தொறந்தது?”

பாட்டு நின்றிருந்தது. மைக் என் வாய்க்கு நேராகவே இருந்தது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் ‘நான்தான்க்கா’ என்பதை இரண்டு ஸ்பீக்கரும் ஊருக்கே சொல்லின. தென்னந்தோப்பு வேறு அதை வாங்கி இன்னொரு தடவை சொன்னது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். என் புது ஷூவைப் பார்த்தார். “பேசினது போதும். எறங்கு” என்றார்.

இறங்கினேன். எல்லாரும் இறங்கினார்கள். தாதா வரப்பைத் தாண்டி ஓடி வந்தார். அவர் பின்னால் பேனர் கயிற்றில் யாரோ கால் தடுக்கி விழ, பேனர் சரிந்து மதகு தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை ஒருவர் மதகு வாயில் வைத்தார். அது வயலுக்குள் நீந்தி வந்தது. சாப்பாட்டு மேசையின் பலகையைக் குறுக்கே வைத்து, உரச் சாக்கில் மண்ணை நிரப்பிப் போட்டோம். அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்று சாக்குக் கடத்தினார். பலகையின் இடுக்கு வழியாகத் தண்ணீர் பீச்சியது. தண்ணீர் புகாத கனமான துணி ஏதாவது வேண்டும் என்றார் தாதா. சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை பேனரில் போய் நின்றது. பிறகு என்னிடம் வந்தது.

“கோலோ” என்றார். அவிழ் என்று அர்த்தம்.

என் பேனரை நானே அவிழ்த்தேன். நாலாக மடித்துப் பலகைக்கு முன்னால் அழுத்தியபோது என் முகம் வெளியே பார்த்தபடி அமைந்தது. என் வாய் இருந்த இடம் சரியாகப் பெரிய ஓட்டைக்கு நேரே வந்தது. தாதா இரண்டு சாக்கை அதன்மேல் வைத்தார். தண்ணீர் நின்றது. அந்த வாய் அடைபட்டது அன்றைக்குத்தான். அது ஒரு விவசாயிக்கு உபயோகப்பட்டதும் அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் யாரோ, “கழியிலேர்ந்து முதலை ஒன்னுதான் வரல” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மேல் பக்கத்து இரண்டு வாய்க்காலும் தப்பின. கீழ் இரண்டும் போயின. மத்தியானத்துக்குள் கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். உதவப் போனேன். கூடையை என் பக்கமிருந்து மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். ஐந்து வருடத்தில் அந்த அம்மா என்னைத் திட்டியதே இல்லை; அப்போதும் திட்டவில்லை. கூடையை மாற்றிக்கொண்டது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சமைத்த சாப்பாட்டை வீணாக்காமல் எல்லாருக்கும் போட்டார். நான் கடைசி வரிசையில், ஷூவில் தண்ணீர் சளக் சளக்கென்று கேட்க உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, “உப்பு கம்மியா இருந்தா சொல்லு தம்பி, வெளிய நெறய இருக்கு” என்றுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே இருக்கிறது.

மறுநாள் சுமதி மேடம் அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். ‘எதிர்பாராத கடல்நீர் நுழைவு’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, ‘எதிர்பாராத’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். “கடல் சொல்லிட்டுத்தான் வருது அந்தோணி. மழை, காத்து, வெயில் எல்லாம் நம்ம அறிக்கையில இருக்கு. கடல் ஏத்தம் மட்டும் இல்ல. அது என் தப்பு. மத்தது உங்க தப்பு.”

அந்த வாரத்திலிருந்து அறிக்கையின் முதல் வரி கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும்தான். அதை ஸ்டெல்லாவின் காலண்டரோடும் பெனட்டின் வாயோடும் ஒத்துப்பார்த்து வயலுக்கு ஏற்ற மாதிரி பேசி அனுப்புகிறேன்: இன்னிக்கு இத்தனை மணிக்கு மேல் மதகைத் தொடாதீர்கள் என்று. கழி ஓரத்து விவசாயிகள் மற்ற எதைக் கேட்காவிட்டாலும் அதைக் கேட்கிறார்கள். இதைச் சொல்லி, நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று நான் நழுவப் பார்க்கவில்லை. அக்காவின் கீழ் மேட்டில் காராமணி இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்தது. தாதா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் அந்த வரிசை முழுக்க அதையே சொன்னது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன், கண்ணீர் வரவழைக்கும் இடம் உட்பட. அக்கா முதல் வாக்கியத்திலேயே மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். அந்த வெயில் காலம் முழுக்க ஞாயிறுதோறும் கீழ் வாய்க்காலைச் சுரண்டினேன். மழை தொடங்கியதும், கடல் வற்றும் நேரம் பார்த்து அக்கா மதகைத் தூக்க, நான் பள்ளத்தில் நின்று தண்ணீரைத் தள்ளினேன். என்னை மதகுப் பக்கம் விடவில்லை. ஒரு மழைக்காலம் போதவில்லை, இன்னொன்றும் ஆனது. இரண்டாவது மழை முடிந்த பிறகு ஒரு நாள் அக்கா கீழ் மேட்டில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காராமணி விதையை எடுத்து வரச் சொன்னார். அந்த வருடம் தாதாவும் வாய்க்கால் வெட்டினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆபீஸிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், அந்தோணி வந்தால் வரப்பிலேயே நிற்க வேண்டும். இன்றும் வரப்பில்தான் நிற்கிறேன்.

வீட்டில் மடவைக் குழம்பு வைக்கும் நாளெல்லாம் ஸ்டெல்லா தட்டை வைத்து, “புது ரகம் சார்” என்கிறாள். ஸ்டேட்டஸில் நிலாப் படம் போடும் உரிமை என்னிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு.

பேனரை அக்கா தூக்கி எறியவில்லை. மதகுப் பலகைக்குப் பின்னால் அதையே ஆணி அடித்து வைத்திருக்கிறார், கசிவு இல்லையாம். மாதத்தில் இரண்டு நாள், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும், காலை ஏழு மணிக்கு என் ஃபோன் அடிக்கும். ஸ்டெல்லா எடுத்து, “குளிக்கப் போயிருக்காவ அக்கா, கதவ வெளிய பூட்டியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஈரத் தலையோடு நிற்கும் என்னிடம் நீட்டுவாள். மறுமுனையில் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“தம்பி, உன் மூஞ்சி இங்க மதகுலதான் இருக்கு. நீ எங்க இருக்க?”

“வீட்லதான்க்கா.”

“அங்கயே இரு.”